விசாவில் இருக்கும் நாம் மகளின் சாஃப்ட்பால் மைதானத்துக்காகப் பள்ளியிடம் கேட்கலாமா?

தங்கைக்கு வணக்கம்.

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அமெரிக்கா வந்து பத்து மாதம் ஆகிறது. மகள் ஒன்பதாம் வகுப்பு, பேஸ்பாலைப் போலவே பெண் பிள்ளைகள் ஆடும் சாஃப்ட்பாலில் பள்ளி டீமில் இடம் கிடைத்துவிட்டது. பையன்களின் பேஸ்பால் மைதானத்தில் விளக்கு, ஸ்கோர்போர்டு, கூரை போட்ட பெஞ்சு எல்லாம் இருக்கின்றன. பெண் பிள்ளைகளுக்குக் கட்டடத்தின் பின்பக்கம் ஒரு மேடுபள்ளத் திடல். பள்ளியில் இதைக் கேட்க வேண்டும் என்று உங்களுக்கு மனசு அடித்துக்கொள்கிறது. "எச்1பி விசாவை வைத்துக்கொண்டு வம்பை விலைக்கு வாங்காதே" என்கிறார் உங்கள் வீட்டுக்காரர். கேட்கலாமா, கூடாதா?

தாராளமாகக் கேளுங்கள்.

முதலில் அவருடைய பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இங்கே எல்லோரும் 'டைட்டில் நைன்' என்று சொல்லும் சட்டம் 1972 ஜூன் 23 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்டது. அதன் மூல வாக்கியம் ஆங்கிலத்தில் மொத்தமே 37 சொற்கள். "அமெரிக்காவில் உள்ள எந்த நபருக்கும்" என்றுதான் அது ஆரம்பிக்கிறது. 'குடிமகன்' என்ற சொல்லே அதில் கிடையாது. மத்திய அரசின் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிலையத்திலும் ஆண், பெண் என்ற காரணத்தால் ஒருவரை ஒதுக்கக் கூடாது, கிடைக்க வேண்டியதை மறுக்கக் கூடாது. உங்கள் மகள் படிப்பது அரசுப் பள்ளி. எச்1பி காரர்களின் குடும்பத்துக்குத் தரும் எச்4 விசாவில் இருக்கும் அவளும் அந்த 'நபர்'தான். பள்ளிக்குக் கடிதம் எழுதுவது எந்த விசா விதியையும் மீறுவதாகாது. கிரீன் கார்டு விண்ணப்பத்திலும் அதைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை.

அந்த 37 சொற்களில் 'விளையாட்டு' என்பதும் இல்லை. பெண்களை மருத்துவக் கல்லூரிகளிலும் சட்டக் கல்லூரிகளிலும் ஒதுக்கி வைத்ததை எதிர்த்துப் பிறந்த சட்டம் இது. இதற்காகப் பாடுபட்டவர்களில் ஒருவர் பாட்ஸி மிங்க். ஹவாய்க்குப் பிழைக்க வந்த ஜப்பானியக் குடும்பத்தின் பேத்தி. டாக்டராக ஆசைப்பட்டு விண்ணப்பித்த கல்லூரிகள் எல்லாம் கைவிரித்ததால் வழக்கறிஞரானார், பிறகு நாடாளுமன்றத்துக்குப் போனார். 2002இல் அவர் இறந்த பிறகு சட்டத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள். வந்தேறிகளின் வீட்டுப் பெண் ஒருத்தி போட்ட வழி இது என்பதை உங்கள் வீட்டுக்காரரிடம் அவசியம் சொல்லுங்கள்.

1971-72 கல்வியாண்டில் இந்த நாட்டு உயர்நிலைப் பள்ளி டீம்களில் ஆடிய பெண்கள் மூன்று லட்சம்கூட இல்லை. பையன்கள் 36 லட்சத்துக்கும் மேல். இன்று பெண்கள் 30 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். ஆடத் தெரிந்த பெண்கள் அன்றும் இருந்தார்கள். அவர்களுக்கு டீம்தான் இல்லை.

என் கதைக்கு வருகிறேன். என் மூத்தவள் 2014இல் உங்கள் மகளைப் போலவே ஒன்பதாம் வகுப்பில் சாஃப்ட்பால் சேர்ந்தாள். மார்ச் மாதம், மழைக் காலம். ஒருநாள் சீக்கிரமே அழைத்துவரப் போனேன். ஆடுபவர்கள் ஓடித் தொட வேண்டிய இரண்டாம் பேஸ் இருக்கும் இடத்தில் குளம் மாதிரி தண்ணீர். பன்னிரண்டு பெண்கள் பெயின்ட் வாளியும் ஸ்பாஞ்சும் வைத்துக்கொண்டு குனிந்து தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள். கார் நிறுத்தும் இடத்துக்கு அந்தப் பக்கம், தார்ப்பாய் போட்டு மூடிக் காப்பாற்றிய மைதானத்திலிருந்து பையன்கள் பந்தை அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. காரில் ஏறியதும், "அம்மா, இன்னிக்கு பந்தைத் தொடவே இல்ல" என்றாள். குளியல் தொட்டியில் அவள் ஷூவைக் கழுவினேன். செம்மண் போகவே இல்லை.

அப்போது எங்கள் கிரீன் கார்டு வேலை நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பயந்து ஒரு வருடம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. மறு வருடம் டீமில் இருந்த இன்னொரு பிள்ளையின் அம்மா கடிதத்தோடு வந்தார். ஒரு வாரம் யோசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். பதினோரு பெற்றோர் சேர்ந்தோம். முதல்வர் மரியாதையாகத்தான் பேசினார். "பேஸ்பால் ஸ்கோர்போர்டும் விளக்கும் பூஸ்டர் கிளப்பில், அதாவது டீமுக்கு நிதி சேர்க்கும் சங்கத்தில், பெற்றோர் திரட்டிய பணம். பள்ளி ஒன்றும் செலவழிக்கவில்லை" என்றார். உங்களிடமும் இதைத்தான் சொல்வார்கள், தயாராக இருங்கள். பணம் எங்கிருந்து வந்தாலும், பையன்களுக்கு ஒரு வசதி கிடைத்துவிட்டால் பெண்களுக்கும் அதற்கு ஈடானதைத் தருவது பள்ளியின் பொறுப்பு. அந்தக் கடிதத்துக்குப் பிறகு வந்த கோடையில் வடிகால் போட்டார்கள், பெஞ்சுக்குக் கூரை வந்தது. விளக்கு வருவதற்குள் என் மகள் பள்ளியை முடித்துவிட்டாள். நான் சும்மா இருந்த அந்த ஒரு வருடம் இன்னமும் மனசை அறுக்கிறது. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். "அவர்களுக்கு இத்தனை டாலர், எங்களுக்கு இத்தனைதானா" என்று ஆரம்பிக்காதீர்கள். டாலருக்கு டாலர் சமமாகச் செலவழிக்கச் சட்டம் சொல்லவில்லை. மைதானம், உடை மாற்றும் அறை, கோச், ப்ராக்டிஸ் நேரம், கருவிகள், வெளியூர் ஆட்டத்துக்கு பஸ், இவற்றின் தரத்தைத்தான் பார்ப்பார்கள். அதுவும் சாஃப்ட்பாலையும் பேஸ்பாலையும் மட்டும் வைத்துப் பார்க்க மாட்டார்கள். பெண்கள் டீம்கள் எல்லாவற்றையும் ஒரு பக்கமும் பையன்கள் டீம்கள் எல்லாவற்றையும் மறுபக்கமும் வைத்து எடைபோடுவார்கள். ஆகவே வாலிபால், பாஸ்கெட்பால், சாக்கர் பிள்ளைகளின் அம்மாக்களிடமும் பேசிவிடுங்கள். இரண்டு மைதானங்களையும் ஒரே நாளில் போட்டோ எடுத்துத் தேதி குறித்து வையுங்கள். வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் விளையாட்டு இயக்குநருக்கு ஈமெயில் எழுதுங்கள். டைட்டில் நைன் ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவரைக் கல்வி மாவட்டம் நியமித்தே ஆக வேண்டும், அவருக்கும் ஒரு பிரதி போகட்டும். அதற்கும் அசையவில்லை என்றால், மத்தியக் கல்வித் துறையின் சிவில் உரிமைகள் அலுவலகத்தில் 180 நாட்களுக்குள் புகார் கொடுக்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். பதில் வர நாளாகும், அதற்கு மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

"கோச் கோபத்தில் மகளை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டால்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அலபாமாவின் பர்மிங்காமில் ராடரிக் ஜாக்சன் என்ற கோச் தன் பெண்கள் பாஸ்கெட்பால் டீமுக்குச் சரியான வசதி இல்லை என்று புகார் செய்தார். அவரையே கோச் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கேள்வி கேட்டதற்காகப் பழிவாங்குவதும் இதே சட்டத்தை மீறுவதுதான் என்று 2005இல் தீர்ப்பு வந்தது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வந்தாலும் தீர்ப்பு தீர்ப்புதான். கலிபோர்னியாவின் சுலா விஸ்டாவில் சாஃப்ட்பால் பெண்கள் கிட்டத்தட்ட உங்கள் மகளின் நிலையில்தான் வழக்குப் போட்டார்கள். 2014இல் மேல்முறையீட்டிலும் அவர்கள் பக்கமே நியாயம் கிடைத்தது. உங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. பெரும்பாலும் பலர் கையெழுத்திட்ட ஒரு கடிதத்துக்கே வேலை நடந்துவிடும்.

காலேஜ் ஸ்காலர்ஷிப் கிடைக்குமா என்ற கேள்வியை மட்டும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். அது கிடைப்பது மிகச் சிலருக்கே. ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகளும், கல்லூரிப் போட்டிகளில் 'டிவிஷன் 3' என்னும் மூன்றாம் பிரிவில் ஆடும் கல்லூரிகளும் விளையாட்டுக்கென்று பணம் தருவதே இல்லை. அவளுக்குப் பிடித்திருக்கிறது, ஆடட்டும்.

கடிதத்தை எழுதியதும், அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டுங்கள், பார்த்துத் தருகிறேன். மகள் எந்த இடத்தில் ஆடுகிறாள் என்று நீங்கள் சொல்லவே இல்லையே. என் மூத்தவள் கேட்கச் சொன்னாள், அவள் இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்.