ஈரச் சாலையும் இறுகும் கையும்

அன்புள்ள ஐயா,

பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். வயது நாற்பத்தொன்று. 2016இல் வாங்கிய 150 சி.சி. மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறேன். ஒரு காலத்தில் கொடைக்கானல், மூணாறு என்று தனியாகவே போய் வந்தவன். மூன்றாண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாலையில், மழை பிடிக்கத் தொடங்கிய நேரம், ரயில்வே கேட்டைக் கடக்கும்போது முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றது. முன் பிரேக் பிடித்தேன். என்ன நடந்தது என்று புரிவதற்குள் வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. ஆனால் அன்றிலிருந்து தூறல் விழுந்தாலே கை இறுகிவிடுகிறது. வெளியூர் கிளம்பும் முன் வானத்தைப் பார்க்கிறேன், கைப்பேசியில் வானிலை பார்க்கிறேன், கடைசியில் பஸ்ஸில் போகிறேன்.

நண்பர்கள் நான்கு பேர் வரும் ஜூனில் லடாக் போகிறார்கள். நாளொன்றுக்கு 600 கிலோமீட்டர் என்று திட்டம். என்னையும் கூப்பிடுகிறார்கள். “பெரிய வண்டி வாங்கு, பயம் தானாகப் போய்விடும்” என்கிறார்கள். மனைவியோ இருக்கிற வண்டியையும் விற்கச் சொல்கிறாள். எல்லாப் பருவத்திலும் வண்டியில் அலைகிறவர் நீங்கள் என்பதால் கேட்கிறேன். இந்தப் பயம் போகுமா? பெரிய வண்டி உதவுமா? லடாக்குக்கு நான் போகலாமா?

ச.
பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பயத்துக்குத் தெளிவான முகவரி இருக்கிறது: மழை பிடிக்கும் நேரம், ரயில்வே கேட், முன் பிரேக். மூன்றும் ஒரே நொடியில் கூடியதால் விழுந்தீர்கள். அந்த மூன்றையும் சேர்த்து மழை என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டதால்தான் இத்தனை நாளாகத் தூக்க முடியவில்லை. பிரித்துப் பார்ப்போம்.

மழை தொடங்கிய முதல் பத்துப் பதினைந்து நிமிடம்தான் சாலை மிக மோசமாக வழுக்கும். நாள்கணக்கில் சொட்டிய எண்ணெய், டயர்த் துகள், புழுதி எல்லாம் முதல் நீரோடு குழைந்து ஒரு படலமாகிவிடும். நன்றாகக் கொட்டி அலசியபின் அதே தார்ச்சாலை ஓரளவு பிடி கொடுக்கும். நம் ஆட்கள் செய்வது நேர்மாறு. தூறலில், நனைவதற்குள் போய்விடலாம் என்று முறுக்குவார்கள். கொட்டத் தொடங்கியதும் ஒதுங்குவார்கள். தூறலில் ஒதுங்கி ஒரு டீ குடித்துவிட்டு, கொட்டி ஓய்ந்தபின் கிளம்புவதுதான் உத்தமம்.

அடுத்து, தண்டவாளம். ஈர இரும்பில் ரப்பருக்குப் பிடியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலங்களின் இணைப்புத் தகடு, பாதாளச் சாக்கடை மூடி, சாலையில் பெயின்ட் அடித்த கோடு, அம்புக்குறி எல்லாம் இதே இனம். இவற்றின் மேல் தாராளமாகப் போகலாம். போகும்போது எதுவும் செய்யக் கூடாது. வேகம் குறைப்பதை முன்பே முடித்துக்கொண்டு, வண்டியை நிமிர்த்தி, தண்டவாளத்தைக் கூடியமட்டும் குறுக்காக வெட்டிக் கடக்க வேண்டும். நீங்கள் ஆட்டோவின் வாலைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்குள் போயிருக்கிறீர்கள். அது மறுபுறம் இறங்கும்வரை இந்தப் பக்கமே நின்றிருந்தால் பின்னால் நாலு பேர் ஹாரன் அடித்திருப்பார்கள், அவ்வளவுதான்.

இனி பிரேக். கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை, ஆனால் விழுந்து எழுந்தவர்கள் பலரும் அதன்பின் முன் பிரேக்கைத் தொடவே மாட்டார்கள்; பின் பிரேக்கை மட்டும் மிதித்து ஓட்டுவார்கள். நீங்களும் அப்படித்தான் ஓட்டுகிறீர்கள் என்று என் சந்தேகம். வேகம் குறையும்போது எடை முன்னால் சாய்கிறது. முன் டயர் தரையில் அழுந்துகிறது, பின் டயர் லேசாகிறது. அதனால் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்குத்தான். ஈரத்தில் அந்தப் பங்கு சற்றுக் குறையும். அப்போதும் முன் பிரேக் இல்லாமல் ஆகாது. எடை முன்னால் வந்து சேர்வதற்குள் விரல்கள் லீவரை முழுதாக இறுக்கிவிடுவதுதான் ஆபத்து. எடை ஏறாத டயரை ஈரத்தரையில் அப்படிப் பிடித்தால் சக்கரம் சுழல்வதை நிறுத்திவிடும். சுழலாத முன் சக்கரத்தோடு வண்டி நிமிர்ந்து நிற்காது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளில்லாத மைதானம் ஒன்றைப் பிடியுங்கள். ஹெல்மெட், கையுறை, ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் நேர்கோட்டில் வாருங்கள். இரண்டு விரலால் முன் லீவரை, பிரேக் பிடிக்கத் தொடங்குகிற இடம்வரை மட்டும் இழுங்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்கி வண்டியின் முகம் சற்றே தாழும். அது தாழ்ந்ததைப் பார்த்தபின் அழுத்தத்தைக் கூட்டுங்கள். இரண்டுக்கும் நடுவே அரை நொடிகூட இருக்காது, ஆனால் அந்த இடைவெளிதான் எல்லாம். டயர் கூவத் தொடங்கினால் விரலைத் தளர்த்துங்கள். உலர்ந்த தரையில் கை பழகியபின் அதே இடத்தில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு, வேகத்தை இன்னும் குறைத்து மறுபடி செய்யுங்கள். தெருப்பையன்கள் வேடிக்கை பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

நம் ஊரில் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியதோடு வண்டிப் படிப்பு முடிந்துவிடுகிறது. அந்த எட்டில் அவசரமாகப் பிரேக் பிடித்து நிறுத்துகிற வேலையே கிடையாது. அதற்குப் பிறகும் பயிற்சி செய்வது என்றால் ஏதோ கௌரவக் குறைவு. 1934 டிசம்பரில் தெரசா வாலக், ஃபுளோரன்ஸ் பிளென்கிரன் என்ற இரு பெண்கள் லண்டனிலிருந்து 600 சி.சி. பேந்தர் மோட்டார் சைக்கிளில், பக்கவண்டியும் பின்னால் ஓர் இழுவண்டியும் பூட்டிக் கிளம்பி, சகாராவைக் குறுக்காகக் கடந்து, 1935 ஜூலையில் கேப்டவுன் போய்ச் சேர்ந்தார்கள். அந்த வாலக் பின்னாளில் அமெரிக்காவின் அரிசோனாவில் நடத்தியது மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழக்கும் பள்ளி. சகாராவைத் தாண்டியவருக்கே ஓட்டுவது என்பது சொல்லிக்கொடுக்கக்கூடிய, பழகிக்கொள்ளக்கூடிய வேலையாகத்தான் இருந்திருக்கிறது.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு மட்டும். பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 40இல் நிற்கும் தூரத்தைப்போல் 80இல் நான்கு மடங்கு வேண்டும். திருப்பிப் பார்த்தால், 80இலிருந்து 60க்கு இறங்கினாலே அந்தத் தூரம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடுகிறது. நல்ல டயரோடு ஈரத்தார்ச்சாலை உங்களிடமிருந்து பறிக்கிற பிடியை அந்த 20 கிலோமீட்டர் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். வழுக்கை டயரோடு ஓட்டினால் இந்தக் கணக்கு செல்லாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், பாருங்கள்: 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. உங்களுடையது வண்டியோடு வந்த டயராகவே இருந்தால் பட்டன் மிச்சமிருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும். முதல் செலவு அதற்குத்தான்.

உங்களுக்கு இருக்கிற பெரிய வசதி நீங்கள் குடியிருக்கும் ஊர். ஜூன், ஜூலையில் பாளையங்கோட்டையில் வெயில் அடிக்கும். அதே நாளில் ஆலங்குளம் பக்கம் காற்று வண்டியைத் தள்ளும். தென்காசியில் சாரல். செங்கோட்டை தாண்டி, புளியரை ‘எஸ்’ வளைவு ஏறி ஆரியங்காவு பக்கம் இறங்கினால் சரியான மழை. தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தை மலையின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாகக் கணவாய் வழியே நம் பக்கம் பாய்வதால் வருவது இது. நூறு கிலோமீட்டருக்குள் இத்தனை பருவநிலையும் வரிசையாகக் கிடைக்கிற சாலை எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அந்தச் சாலையைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குங்கள். முதலில் சாரல் தொடங்கும் இடம்வரை போய்த் திரும்புங்கள். அடுத்த வாரம் செங்கோட்டை. கை எங்கே இறுகுகிறதோ அதுதான் அன்றைய எல்லை. குற்றாலத்தில் குளித்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள், யார் கேட்கப் போகிறார்கள்? கை இறுகியிருக்கிறதா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. ஹேண்டிலைப் பிடித்தபடியே முழங்கைகளை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் இறுகியிருக்கிறது. ஓடுகிற வண்டியின் முன் சக்கரம் ஓயாமல் இப்படியும் அப்படியும் சின்னச் சின்னதாகத் திரும்பித் தன்னைச் சரிசெய்துகொண்டே இருக்கும். நாம் ஹேண்டிலை இறுக்கும்போது அந்த வேலையைத் தடுக்கிறோம். வண்டியைப் பிடிக்க வேண்டியது முழங்கால்கள், பெட்ரோல் டாங்கை அணைத்து. கை சும்மா பற்றியிருந்தால் போதும்.

மலை வளைவில் ஏறும்போது, திரும்பும் முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். எதிரே இறங்கும் லாரிக்கு முழு அகலமும் தேவைப்படும். மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்று விதி இருக்கிறது. அந்த விதியை லாரிக்கு எடுத்துச்சொல்ல அங்கே நேரம் கிடையாது, இடப்பக்கம் ஒதுங்குங்கள். டாங்க் நிறைய டீசல் போட்ட லாரிகள் வளைவுகளில் சிந்திக்கொண்டு போகும். ஈரத்தின்மேல் நீலமும் ஊதாவுமாக மினுங்கும் திட்டைக் கண்டால் அது டீசல். வளைவில்லாத நேர்ச்சாலையில் லாரி டயர்கள் நீரை விலக்கிய தடத்திலேயே போகலாம், லாரியிடமிருந்து நன்றாகப் பின்தங்கி. ஆழம் தெரியாத நீரில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் இறங்காதீர்கள். இடி இடித்தால் கட்டடத்துக்குள் ஒதுங்குங்கள், மரத்தடியில் அல்ல.

காற்றுக்கு வேறு பள்ளிக்கூடம் இருக்கிறது. காவல்கிணறு தாண்டி முப்பந்தல், ஆரல்வாய்மொழி. இத்தனை காற்றாலைகளை அங்கே சும்மா நட்டு வைக்கவில்லை. பக்கவாட்டில் காற்றடித்தால் வண்டி காற்றின் பக்கமே சற்றுச் சாய்ந்து ஓட வேண்டும். வலப்புறமிருந்து தள்ளினால் வலது கைப்பிடியை மெல்ல முன்னோக்கி அழுத்துங்கள். வண்டி வலப்புறம் சாய்ந்துகொள்ளும். சொல்லும்போது தலைகீழாகத் தோன்றும், செய்து பார்த்தால் புரியும். லாரியை முந்துகிற இடத்தில்தான் கவனம் வேண்டும். அதன் மறைவுக்குள் போனதும் காற்று நின்று வண்டி லாரிப் பக்கம் இழுக்கும்; வெளியே வந்ததும் மொத்தமாக அறையும். அந்த இரண்டுக்கும் முன்கூட்டியே தயாராக இருந்தால் போதும். இடம் இல்லை என்றால் முந்தாதீர்கள்.

சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. அதைச் சொல்லி விற்பதற்கு ஊரெல்லாம் ஆள் இருக்கிறார்கள். மழைக்கோட்டோடு மழைக் கால்சட்டையும் இருக்கட்டும், கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்கட்டும். ஹெல்மெட் கண்ணாடியின் உட்புறம் பாத்திரம் துலக்கும் சோப்பு நீரை ஒரு துளி தடவி, துணியால் தெளிவாகும்வரை துடைத்துவிடுங்கள். மூச்சில் பனி படிவது வெகுவாகக் குறையும். எதுவும் தெரியாமல் ஓட்டும்போது வருகிற பயம் நியாயமான பயம். மழையிரவில் எதிர்வண்டி வெளிச்சம் கண்ணாடித் துளிகளில் சிதறும்போது யாருக்குமே ஒன்றும் தெரியாது. அப்போது அறை எடுத்துத் தங்கிவிடுவதுதான் என் வழக்கம்.

பெரிய வண்டி விஷயத்தில் உங்கள் நண்பர்கள் சொல்வதில் கால்பங்கு சரி. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகள் எல்லாவற்றிலும் ஏ.பி.எஸ். என்ற பிரேக் கருவி கட்டாயம். கை பதறி லீவரை இறுக்கினாலும் சக்கரம் சுழலாமல் நின்றுவிட அது விடாது. உங்கள் வண்டியில் அது இருக்க வாய்ப்பில்லை. அந்த ஒரு காரணத்துக்காகப் புது வண்டி வாங்குவதென்றால் வாங்குங்கள், 160 சி.சி.யே போதும். வளைவில் சாய்ந்திருக்கும்போது சாதாரண ஏ.பி.எஸ்.ஸை நம்பக் கூடாது என்பதையும் மறக்க வேண்டாம். இருநூறு கிலோ எடையுள்ள வண்டி பயத்தைப் போக்கும் என்பதை நான் ஏற்கவில்லை. கை இறுகுகிற ஆளுக்கு அது இன்னும் கனமாகத்தான் விழும்.

லடாக்குக்குப் போகலாம். நண்பர்களின் திட்டப்படி வேண்டாம். உங்கள் ஊரை ஒட்டிப் போகிற 44ஆம் எண் நெடுஞ்சாலையின் மறுமுனை ஸ்ரீநகர். மொத்தம் சுமார் 3,700 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 600 வீதம் ஐந்தாறு நாள் ஓட்டிக் களைத்த உடம்போடு மலை ஏறப் போகிறீர்கள். வழியில் ஜூன் மாத நாக்பூரும் ஜான்சியும் இருக்கின்றன. லடாக் குளிருக்கு மூட்டை கட்டுகிறவர்கள் இந்த வெயிலை எண்ணிப் பார்ப்பதே இல்லை. காற்றின் வெப்பம் உடல் வெப்பத்தைத் தாண்டிவிட்டால் வேகமாகப் போகப் போகச் சுடத்தான் செய்யும். சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு ஓட்டுகிறவர் சீக்கிரம் வற்றிப்போவார். ஈரப் பனியனுக்கு மேல் முழுக்கைச் சட்டை, மணிக்கொரு முறை தண்ணீர், நண்பகலில் ஓய்வு என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 350 தாண்டாது. கூட்டத்தோடு போகும்போது வேகத்தை முன்னால் போகிறவர்தான் முடிவு செய்கிறார்; மழையில் அவர் 80இல் போனால் நீங்களும் 80இல் போவீர்கள். அடுத்த டீக்கடையில் சந்திப்போம் என்று முதல் நாளே சொல்லிவிட்டு உங்கள் வேகத்தில் போங்கள். மூஞ்சி சுளிக்கிற நண்பர்கள் என்றால் அந்தக் கூட்டம் உங்களுக்கு ஆகாது.

போகும்போது ஸ்ரீநகர், கார்கில் வழியாகவே ஏறுங்கள். மணாலி வழியில் ஏறினால் உடம்பு பழகுமுன்பே பாரலாச்சா லா போன்ற, 4,800 மீட்டரைத் தாண்டிய கணவாய்களைக் கடக்க வேண்டிவரும். லடாக்கின் லே நகரமே 3,500 மீட்டர் உயரம். அங்கே இரண்டு நாள் சும்மா படுத்திருங்கள். கர்துங் லா கணவாயின் 5,359 மீட்டரில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான்; உங்களுக்கும் மூச்சு வாங்கும், வண்டிக்கும் வாங்கும். சாலையைக் குறுக்கே வெட்டும் பனியோடைகள் வெயில் ஏற ஏறப் பெருகும் என்பதால் அவற்றைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும். முதல் கியர், சீரான முறுக்கல், கண் மறுகரையில்.

இந்த ஜூனுக்குள் ஈரப் பிரேக் பழகி முடிந்துவிட்டால் இந்த ஜூனே போகலாம், இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு. எப்படியானாலும் டெல்லிவரை வண்டியை ரயிலில் போட்டுவிட்டு, நீங்களும் ரயிலில் போய் இறங்குங்கள். பார்சல் அலுவலகத்தில் ஆர்.சி. நகலும் அடையாள அட்டை நகலும் கேட்பார்கள். டாங்கில் பெட்ரோல் துளியும் இருக்கக் கூடாது. சாக்குக் கட்டுவதற்கு வெளியே ஆள் இருப்பார்கள். பக்கக் கண்ணாடிகளை மட்டும் முன்பே கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.