அமெரிக்க ராணுவம் பயன்படுத்திய ஓஎச்-58டி வேவு ஹெலிகாப்டரின் விசிறிக்கு மேலே இருக்கும் உருண்டை எதற்கு? அது ஏன் சுற்றுவதில்லை?

அது ரேடார் இல்லை, கண். உள்ளே தொலைக்காட்சிக் கேமரா, வெப்பப்படக் கருவி, லேசர் தூரமானி மூன்றும் இருக்கின்றன. விசிறியைச் சுழற்றும் தண்டு உள்ளீடற்ற குழாய். அதற்குள் சுழலாத இன்னொரு குழாய் கீழிருந்து மேல்வரை போகிறது. உருண்டை உட்கார்ந்திருப்பது அதன்மேல். அதிர்வு பட்டால் படம் கலங்கும், லேசர் இலக்கைவிட்டு நழுவும் என்பதால் அதிர்வைத் தாங்கும் மெத்தென்ற பிடிமானமும் உண்டு.

பயன் எளிது: உடலும் விசிறியும் மரங்களுக்குப் பின்னால் மறைந்திருக்க, உருண்டை மட்டும் எட்டிப் பார்க்கும். லேசரால் இலக்கைச் சுட்டிக்காட்டினால் போதும், ஏவுகணையை அப்பாச்சி என்ற தாக்குதல் ஹெலிகாப்டர் வீசும்.

பெல் நிறுவனத்தின் இந்த வகை, ராணுவத்துக்கு வேவு ஹெலிகாப்டர் தேர்ந்தெடுக்க 1960களில் நடந்த போட்டியில், முதலில் ஹியூஸ் நிறுவனத்தின் ஓஎச்-6-இடம் தோற்றது. ஹியூஸ் விலையை ஏற்றியதும் ராணுவம் மறுபடி போட்டி வைக்க, பெல் ஜெயித்தது. 1980களில் 'டி' வகைக்கு நான்கு இறக்கை விசிறியும் இந்தக் கண்ணும் வந்தன. பாரசீக வளைகுடாவில் சிறு படகுகளை வேட்டையாட 1987-இல் ஆயுதமும் ஏறியது.

சிக்கல் அந்தக் கூடுதல் எடையில்தான். எஞ்சின் ஒன்றுதான், அதுவும் 650 குதிரைத்திறன் அளவு. ஆப்கன் மலைகளின் வெப்பத்திலும் உயரத்திலும் காற்று அடர்த்தி குறைந்து எஞ்சினும் விசிறியும் திணறும். எடை குறைக்கக் கதவுகளைக் கழற்றிவிட்டுப் பறந்தார்கள். எரிபொருளா, குண்டா என்று ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டியிருந்தது. அங்கே ஒளிய மரமும் இல்லை, அதனால் பலரும் வியக்கும் அந்த உருண்டை, என் கணிப்பில், பாதி நேரம் வெறும் சுமைதான்.