கதை கேட்கும் பாலையா

அன்புள்ள ஐயா,

சென்ற ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து ‘காதலிக்க நேரமில்லை’ பார்த்தோம். கல்லூரியில் படிக்கும் என் மகன் பாதியிலேயே எழுந்து போய்விட்டான். “லாஜிக்கே இல்லை. கிழவர் வேஷம் போட்டு வந்தால் யாராவது இப்படி ஏமாறுவார்களா?” என்றான். மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். பாட்டுக்காகப் பார்க்கலாம் என்கிறார்கள் சிலர். நாகேஷ் கதை சொல்லும் காட்சியை மட்டும் பார்த்தால் போதும் என்கிறார்கள் பலர். காதல் கதை பலவீனம், பெண்களுக்கு வேலையே இல்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்குப் படம் பிடித்திருக்கிறது. ஏன் என்று மகனுக்குச் சொல்லத் தெரியவில்லை. இந்த மாதிரிக் கிறுக்குக் குடும்பக் கதையில் காதல் நம்பும்படி இருக்கத்தான் வேண்டுமா?

எம்.

அன்புள்ள எம்.,

பாட்டைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசை, கேட்டுக்கொண்டே இருக்கலாம். பெண்களைப் பற்றிய குறை பாதி உண்மை. காஞ்சனாவும் ராஜஸ்ரீயும் அழகாக வந்து போகிறார்கள். சச்சுவுக்கு மட்டும்தான் சினிமாவில் நடிக்க வேண்டும் என்று தனக்கென ஓர் ஆசை இருக்கிறது. இனி உங்கள் கேள்வி. படத்தை இயக்கிய ஸ்ரீதர் 1959-இல் ‘கல்யாணப் பரிசு’, 1962-இல் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ எடுத்தவர். காதலைக் கனக்க வைப்பது எப்படி என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1964-இல் வேண்டுமென்றேதான் அதை லேசாக்கினார். இந்தப் படத்தில் காதல் ஒரு சாக்கு. இரண்டு இளைஞர்களை அந்த எஸ்டேட் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்துவதோடு அதன் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு எல்லாம் அந்த வீட்டு அப்பாவாக வரும் பாலையாவைச் சுற்றித்தான்.

நாகேஷ் கதை சொல்லும் காட்சியை மட்டும் பார்த்தால் போதும் என்று சொல்கிறார்களே, அதுதான் எனக்கு ஆத்திரம். முதலில், அது நாகேஷின் காட்சி மட்டுமல்ல. நாகேஷை ஒரு கையால் மறைத்துக்கொண்டு அதைப் பாருங்கள். மகன் செல்லப்பாவாக வரும் நாகேஷின் சினிமாக் கம்பெனியான ஓஹோ புரொடக்ஷன்ஸுக்குக் காலணா தரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும் அப்பா, போனால் போகிறது என்று உட்கார்ந்து காது கொடுக்கிறார். பையன் வாயாலேயே சத்தங்களை எழுப்புகிறான். பாலையாவின் கண் முதலில் பையன் மேல் இருக்கிறது. பிறகு பையனைத் தாண்டிப் போகிறது. இல்லாத இருட்டையும் இல்லாத உருவத்தையும் அந்தப் பட்டப்பகல் கூடத்தில் அவர் பார்த்துவிடுகிறார். ஒவ்வொரு சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப் போடுகிறது. நாம் பயப்படவில்லை. பயப்படும் அவரைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம். எதிரே பாலையா இல்லாமல் ஒரு நாற்காலி இருந்திருந்தால் நாகேஷ் எத்தனை துள்ளினாலும் அது வெறும் வித்தையாகத்தான் இருந்திருக்கும். இதை எழுதியவரும் எடுத்தவரும் அறிந்திருந்தார்கள். காட்சியைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்பவர்களுக்குத்தான் தெரியவில்லை.

எனக்கு இதைக் காட்டித் தந்தவர் என் பெரியப்பா. வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்தவர். கோயில் கொடை விழாக்களில் குழுத் தலைவரான அண்ணாவி கதை சொல்லச் சொல்ல, பக்கத்திலிருந்து “ஆமாம்” போடுவதும் அவர்தான். ஊரில் எல்லோரும் அண்ணாவியின் பெயரைத்தான் சொல்வார்கள். பெரியப்பாவுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் டெண்ட் கொட்டகையில் இந்தப் படம் மறுபடி வந்தபோது, கொட்டகையே நாகேஷைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருக்க, அவர் என் தொடையில் தட்டி, “கேட்கிறவனைப் பாருடா, கேட்கிறவனை” என்றார். நான் திரும்பி அவரைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆமாம் போடுவதிலும் நூறு விதம் இருக்கிறது என்று பிறகு எனக்கு விளக்கினார். அவசரப்படுத்தும் ஆமாம், நம்பாத ஆமாம், ‘ஐயையோ அப்புறம்?’ என்று கேட்கும் ஆமாம். அது சரியாக விழாவிட்டால் அண்ணாவிக்கு அடுத்த வரி வராது என்பார்.

பாலையா 1936-இல் ‘சதிலீலாவதி’யிலேயே திரைக்கு வந்துவிட்டவர். நாடகக் கம்பெனிப் பயிற்சி. வெகுகாலம் வில்லன். அந்த மனிதரிடம் பிற்காலத்தில் வெளிப்பட்ட பெரிய கலை, எதிரே இருப்பவருக்கு இடம் கொடுப்பதுதான். 1965-இல் ‘திருவிளையாடல்’ வந்தது. ஹேமநாத பாகவதராக அவர் பாடும்போது காட்டும் மிடுக்கை எல்லோரும் சொல்வார்கள். ராத்திரியில் விறகு விற்க வந்தவனின் பாட்டைக் கேட்டு அந்த மிடுக்கு நொறுங்குகிறதே, அந்த முகத்தைப் பற்றி யார் பேசுகிறார்கள்? 1968-இல் ‘தில்லானா மோகனாம்பாள்’. அதில் அவர் தவில்காரர். நாகஸ்வரத்தைப் பார்த்துக்கொண்டே வாசிக்க வேண்டிய வேஷம். பெரியப்பா அதைத் தேடிப் போய் மறுபடியும் மறுபடியும் பார்த்தார்.

இப்போது லாஜிக். கிழவர் வேஷத்தைப் பார்த்து ஒருவர் ஏமாறுவாரா என்று கேட்கிறான் உங்கள் மகன். அந்த அப்பா வேஷத்தைப் பார்த்தா ஏமாறுகிறார்? பணத்தைப் பார்த்து ஏமாறுகிறார். தான் வேலையை விட்டு நீக்கிய பையன், வீட்டு வாசலில் கோஷம் போட்டு மானத்தை வாங்கிய பையன், பெரிய பணக்காரரின் வாரிசு என்று காதில் விழுந்ததும் அவர் குரல் தழைகிறது, உடம்பு வளைகிறது. அந்தப் பணக்காரராகக் கிழவர் வேஷத்தில் வருபவன் பையனின் நண்பன் முத்துராமன். சம்பந்தி ஆகிவிட வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டவருக்கு எதிரே இருப்பவரின் நரை நிஜமா பொய்யா என்று பார்க்க நேரமேது? இதைவிடக் கறாரான லாஜிக் எந்தப் படத்தில் இருக்கிறது? நம் ஊரில் வரன் பார்க்கப் போன எத்தனை பேர் மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்டதோடு கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள்! கிறுக்குக் குடும்பக் கதை என்றால் எதுவும் நடக்கலாம் என்று பொருளில்லை அம்மா. ஒவ்வொருவருக்கும் ஒரு பிடிவாதம் இருக்க வேண்டும், அதை அவர்கள் உயிரைக் கொடுத்து நம்ப வேண்டும். செல்லப்பாவுக்குத் தன் படம் வரும் என்பதில் துளி சந்தேகம் கிடையாது. நடிகர், தான் வேடிக்கை செய்வதை அறிந்தவர்போல நம்மைப் பார்த்து ஒரு முறை கண்ணடித்தால் போதும், வீடு கலைந்துவிடும். இந்தப் படத்தில் யாரும் கண்ணடிப்பதில்லை.

இன்றைய நகைச்சுவைப் படங்களில் ஆளாளுக்கு வசனம் வைத்திருக்கிறார்கள். ஒருவர் பேசி முடிப்பதற்குள் அடுத்தவர் தன் வரியோடு தயாராக நிற்கிறார். கேட்பதற்கு என்று ஒரு முகத்தை யாரும் எழுதுவதில்லை. எழுதினாலும் கேமரா அங்கே இரண்டு நொடி நிற்பதில்லை. எனக்கு இது பெரிய மனக்குறை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மகன் எந்த இடத்தில் எழுந்து போனான் என்று கடிதத்தில் இல்லையே? ஊரார் அபிப்பிராயத்தை எல்லாம் தேடிப் படித்தவர், பெற்ற பிள்ளையிடம் “அப்புறம்?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முத்துராமன் வேஷத்தோடு வந்த இடத்தில் எழுந்தான் என்றால் மேலே எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டுங்கள். கதை சொல்லும் காட்சியிலேயே எழுந்துவிட்டான் என்றால் அவனையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். அவனோடு நான் நேரடியாகச் சண்டை போட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்.