மாற்று மத நண்பருக்காக துஆ செய்யலாமா?

மருத்துவமனையில் இருக்கும் இந்து நண்பருக்காக துஆ (இறைவனிடம் பிரார்த்தனை) கேட்கலாமா என்கிறீர்கள். தாராளமாகக் கேளுங்கள். உடல்நலம், வேலை, பிள்ளைகளின் படிப்பு, நேர்வழி என உயிரோடு இருப்பவருக்காக எல்லாம் கேட்கலாம்.

நபித்தோழர் அபூஹுரைரா (ரலி) அவர்களின், அப்போது இஸ்லாத்தை ஏற்காதிருந்த தாய் ஒருநாள் நபி (ஸல்) அவர்களைத் தகாத வார்த்தையால் பேசிவிட்டார். மகன் அழுதுகொண்டே நபியிடம் வந்து, தாய்க்காக துஆ செய்யச் சொன்னார். நபியவர்கள் கோபப்படவில்லை, உடனே நேர்வழி கேட்டார்கள். மகன் வீடு திரும்பினால் கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே தண்ணீர் புழங்கும் சத்தம். குளித்துவிட்டு வந்த தாய், இஸ்லாத்தை ஏற்கும் உறுதிமொழியான கலிமாவைச் சொன்னார். எத்தனை முறை படித்தாலும் எனக்குக் கண் கலங்கிவிடும்.

மாற்று மதத்தவராகவே இறந்தவருக்குப் பாவமன்னிப்புக் கேட்பது மட்டும் வேறு. குர்ஆன் 9:113 அதைத் தடுக்கிறது. அவர் குடும்பத்துக்கு ஆறுதல் கேட்கலாம்.

அப்புறம், நண்பரை நேரிலும் போய்ப் பாருங்கள். நோயுற்ற யூதச் சிறுவனை நபியவர்கள் அப்படிப் போய்ப் பார்த்திருக்கிறார்கள்.