எங்கட சனமும் டோக்கியோ சனமும்

அன்பின் அக்காவுக்கு,

மகனைப் பார்க்க டோக்கியோ போயிருந்தபோது ரயிலில் கைப்பையை விட்டுவிட்டு இறங்கிவிட்டேன். பாஸ்போர்ட், காசு எல்லாம் அதற்குள். மறுநாள் நிலையத்தில் போய்க் கேட்டோம், அப்படியே எடுத்துத் தந்தார்கள். ஒரு யென்கூடக் குறையவில்லை. கொழும்பில் இது நடக்குமா? எங்கட சனம் ஏன் இப்படி இல்லை?

ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்பின் தங்கைக்கு,

பை கிடைத்ததில் பெரிய சந்தோசம். ஆனால் உங்கள் கடைசிக் கேள்வியை என்னால் ஏற்க முடியவில்லை.

பையை எடுத்தவர் நல்லவர்தான். அந்த நல்ல காரியத்தைச் செய்வது அவருக்குச் சுலபமாகவும் இருந்தது. ஜப்பானில் ரயில் நிலையத்தடி, சந்தியடி எல்லாம் 'கோபன்' என்ற சின்னப் பொலிஸ் காவலரண்கள் இருக்கின்றன. கண்டெடுத்ததை அங்கே கொடுத்தால் பதிந்துகொள்வார்கள். உரியவர் வந்தால் பெறுமதியில் 5 முதல் 20 சதவீதம் வரை வெகுமதி கேட்கலாம் என்று சட்டமே சொல்கிறது. 3 மாதத்துக்குள் யாரும் வராவிட்டால் எடுத்தவருக்கே சொந்தம். கைபேசி, அடையாள அட்டை மாதிரியானவைக்கு மட்டும் அது பொருந்தாது. அமுக்கிக்கொண்டால் குற்றம்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். என் மருமகள் த்ரீவீலில் போனை விட்டுவிட்டாள். வீட்டிலிருந்து அழைத்தோம். சாரதி எடுத்து, தெஹிவளையில் நிற்கிறேன், கொண்டுவந்து தருகிறேன் என்று சிங்களத்தில் சொன்னார். போன் பூட்டியிருந்ததால், யாராவது அழைப்பார்கள் என்று ஹயர் போகாமல் காத்திருந்திருக்கிறார். வந்தவர் திரையைச் சட்டையில் துடைத்துவிட்டுத்தான் கையில் தந்தார். பெட்ரோல் காசு கொடுத்தோம், வாங்கவேயில்லை. "பொலிசில் கொடுக்க யோசித்தேன், நீதானே எடுத்தாய் என்று கேட்டால் என்ன செய்வது?" என்றார். அந்த மனிதரின் நேர்மையில் என்ன குறை, சொல்லுங்கள்? நல்லது செய்ய அவர் உழைப்பையும் இழந்தார், பயப்படவும் வேண்டியிருந்தது.

2019இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 40 நாடுகளில் 17,000க்கும் மேற்பட்ட பணப்பைகளை வங்கி, ஹோட்டல் போன்ற இடங்களில் 'தெருவில் கிடந்தது' என்று கொடுத்துப் பார்த்தார்கள். நாட்டுக்கு நாடு வித்தியாசம் இருந்தது உண்மை. ஆனாலும் அநேகமாக எல்லா நாடுகளிலும், வெறும் பைகளைவிடக் காசு இருந்த பைகளே அதிகம் உரியவரைத் தேடி வந்தன.

புறக்கோட்டை பஸ் நிலையத்திலும் வெள்ளவத்தைச் சந்தையடியிலும் ஒரு மேசை, ஒரு பதிவுக் கொப்பி, கொடுத்தவரைக் குடையாமல் ரசீது எழுதித் தர ஓர் ஆள் இருந்தால் போதும். இதைக் கேட்டு மாநகர சபைக்கு எழுதப் போகிறேன். நீங்களும் எழுதுங்கள், டோக்கியோவில் நடந்ததை விவரமாகச் சேர்த்து.