18 வீட்டுக்கும் சேர்த்து ஒரே சோலார் போடலாமா? ஆத்தங்குடி பக்கத்து ஆச்சிக்கு பதில்

செட்டிநாட்டு ஆத்தங்குடி பக்கத்துல இருந்து ஒரு ஆச்சி கேட்டிருக்காங்க: "தம்பி, எங்க தெருவுல 18 வீடு, அதுல 7 வீடு பூட்டிக் கிடக்கு, பிள்ளைங்க எல்லாம் சென்னை, சிங்கப்பூர்னு இருக்காங்க. ஊர்ப் பொதுவா ஒரு கல்யாண மண்டபமும் ஒரு போர் மோட்டாரும் இருக்கு. எல்லாரும் காசு போட்டு ஒரே இடத்துல பெரிய சோலார் வச்சு பில்லை பங்கு பிரிச்சுக்கலாமா? எங்க வீட்டு ஓட்டு மேலயே பேனல் போடலாமா? கரண்ட் போனா ஓடுமா?"

ஆச்சி, முதல்ல ஓட்டு மேட்டர், ஏன்னா அதுல தப்பு பண்ணா திருத்தவே முடியாது. வேணாம். நம்ம பெரிய வீட்டு நாட்டு ஓடு கையால செஞ்சது, அடுக்கடுக்கா வேய்ஞ்சது, மேல ஆள் ஏறி நடந்தாலே நாலு உடையும், உடைஞ்சா அதே ஓட்டுக்கு இன்னைக்கு எங்க போறது. 540 வாட் பேனல் ஒண்ணே 28 கிலோ கிட்ட வரும், 3 கிலோவாட்டுக்கு 6 பேனல், அதுக்கு மேல கம்பி, சட்டம் வேற. நான் ரிப்பேர் பார்க்கப் போன ஒரு வீட்டுல கான்ட்ராக்டர் ஓட்டைத் துளை போட்டு கிளாம்ப் அடிச்சுட்டுப் போயிட்டாரு, அந்த ஐப்பசி மழை முற்றத்துல விழுறதுக்குப் பதிலா உள் கூடமான பட்டாலைல விழுந்துச்சு, பர்மா தேக்கு உத்தரமெல்லாம் ஊறிப்போச்சு. உங்க வீட்டுல மாடித் தளம் இருந்தாலும் அது காங்கிரீட்டா, இல்ல மரக்கட்டை மேல செங்கல் சுண்ணாம்பு போட்ட பழைய தளமான்னு ஒரு இன்ஜினியரை வச்சுப் பார்த்துட்டுத்தான் கை வைக்கணும். 2018 நவம்பர்ல கஜா புயல் புதுக்கோட்டையை என்ன பாடு படுத்துச்சுன்னு நமக்குத் தெரியும்ல, அந்தக் காத்துக்கு நிக்கிற மாதிரி பேனலைத் தாங்குற சட்டம் போடணும், கல்லைத் தூக்கி வச்சு சமாளிக்கிற வேலை கிடையாது.

அடுத்து, ஒரே பிளான்ட் வச்சு 18 வீட்டுக்கு பிரிக்கிறது. நெட் மீட்டர், அதாவது நாம வெளிய அனுப்புற யூனிட்டை வாங்கின யூனிட்டுல கழிச்சுக் காட்டுற மீட்டர், ஒரு ஈபி சர்வீஸ் நம்பரோட ஒட்டின விஷயம், அந்த இடத்துல உற்பத்தியாகுற யூனிட்டு அந்த சர்வீஸ் பில்லுலதான் கழியும். மண்டபத்துல இருந்து சொந்தமா ஒயர் இழுத்து வீட்டு வீட்டுக்கு குடுக்கிறதுக்கு லைசென்ஸ் வேணும், அது நம்மால ஆகுற காரியம் இல்ல. டெல்லி மாதிரி ஊர்ல ஒரு பிளான்ட்டை பல மீட்டருக்கு பேப்பர்லயே பங்கு வைக்க விதி இருக்கு, அதை நம்பி நீங்க இங்க பணத்தைப் போடாதீங்க.

மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை பஞ்சாயத்து 2006ல 350 கிலோவாட் காத்தாடி வாங்கி, தன் செலவு போக மிச்சத்தை மின்வாரியத்துக்கே வித்தாங்களே, அது எப்படின்னு கேப்பீங்க. அங்க காத்தாடி ஒரே ஆள் பேருல இருந்துச்சு, பஞ்சாயத்து பேருல. உங்க தெருவுல யார் பேருல இருக்குன்னு எடுத்துப் பாருங்க, எனக்குத் தெரிஞ்சு பாதி வீட்டுல ஈபி கார்டு இன்னும் செத்துப்போன ஐயா பேருல இருக்கும், வீட்டுக்கு எட்டு பங்காளி இருப்பாங்க, ஒருத்தர் மலேசியால. செட்டிநாட்டுல சோலாருக்கு வெயில் ஒரு நாளும் தடையில்ல ஆச்சி, இந்தப் பேருதான் தடை. அரசு மானியத்துக்கு அப்ளை பண்றவங்க பேரும் சர்வீஸ்ல இருக்கிற பேரும் ஒத்துப்போகணும், அதனால பேனல் விலை விசாரிக்கிறதுக்கு முன்னாடி பெயர் மாற்றத்துக்கு எழுதிப் போடுங்க, பங்காளிங்ககிட்ட மாடியை பயன்படுத்திக்க ஒப்புதல் கடிதமும் வாங்கி வைங்க. அடுத்த கல்யாணத்துக்கோ முன்னோர் படைப்புக்கோ எல்லாரும் வருவாங்கள்ல, அப்பவே கையெழுத்து வாங்கிருங்க, வாட்ஸ்அப்ல கேட்டா ஆறு மாசம் இழுக்கும்.

பூட்டின 7 வீட்டை விட்டுருங்க. ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் எப்படியும் இலவசம், அங்க பில்லே வராது. ஆள் இருக்கிற 11 வீட்டுல ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் தாண்டுறது எதுன்னு பாருங்க, 500ஐத் தாண்டினா அதுக்குக் கீழ இருக்கிற சில யூனிட்டோட ரேட்டும் சேர்ந்து ஏறிடும், அதனால அந்த வீட்டுக்குத்தான் சோலார் சீக்கிரம் காசைத் திருப்பித் தரும். 1 கிலோவாட் ஒரு நாளைக்கு சராசரியா 4 யூனிட் குடுக்கும், 100 சதுர அடி நிழல் இல்லாத இடம் வேணும். 3 கிலோவாட் போட்டா ரெண்டு மாசத்துக்கு 700 யூனிட் வரும். 2024ல வந்த பிரதமரின் சூரிய வீடு (பிஎம் சூர்ய கர்) திட்டத்துல மத்திய அரசு மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2க்கு 60,000, 3க்கும் அதுக்கு மேலயும் 78,000 ரூபாய், அதோட நின்னுடும். விக்கிறவங்க எல்லாருக்கும் 3தான் தலைல கட்டுவாங்க, ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட் செலவழிக்கிற வீட்டுக்கு அது எதுக்கு, மிஞ்சுற யூனிட்டை வித்து லாபம் பார்க்கலாம்னு சொன்னா சிரிச்சுட்டு வந்துருங்க. அந்த வீட்டுல முதல்ல ஃபேனை மாத்துங்க. பழைய ஃபேன் 75 வாட், பிஎல்டிசி ஃபேன் 30 வாட், தினம் 12 மணி நேரம் ஓடினா ஒரு ஃபேனுக்கே ரெண்டு மாசத்துல 32 யூனிட் மிச்சம்.

சேர்ந்து செய்யணும்னு ஆசைப்பட்டீங்கள்ல, அது வாங்குறதுல செய்யுங்க. அஞ்சாறு வீடு ஒண்ணா ஒரே கொட்டேஷன் கேளுங்க, விலையும் இறங்கும், பின்னாடி ரிப்பேருக்கு கூப்பிட்டா ஆளும் வருவான். மானியம் வேணும்னா இந்தியால செஞ்ச செல் போட்ட பேனலாதான் இருக்கணும், அதை கொட்டேஷன்லயே எழுதி வாங்குங்க, 5 வருஷ பராமரிப்பும் அதுலயே வரணும்.

பொதுவா ஒண்ணு வைக்கிறதா இருந்தா அது மண்டபத்து காங்கிரீட் மாடி. பேரும் ஊர் டிரஸ்ட் பேரு ஒண்ணுதான், பங்காளி சண்டை கிடையாது. ஆனா மண்டபத்துல மாசத்துக்கு ரெண்டு விசேஷம், அதை நம்பி பெருசா போடாதீங்க. போர் மோட்டார் அதே சர்வீஸ்ல ஓடுதான்னு பாருங்க, ஓடினா அதுதான் தினசரி செலவு. 5 எச்பி மோட்டார் தினம் 3 மணி நேரம் ஓடினா 11 யூனிட், கிட்டத்தட்ட 3 கிலோவாட் சோலார் தர்ற அளவு. விடியக்காலம் 5 மணிக்கு தண்ணி ஏத்துற பழக்கத்தை மாத்தி காலைல 10 மணிக்கு மேல ஓட்டுங்க, வெளிய தள்ளுற யூனிட்டைவிட அங்கயே செலவழியிற யூனிட்டுக்குத்தான் மதிப்பு. காசு பிரிக்கிறதுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்ல, கோயிலுக்கு குடும்பக் கணக்குல புள்ளி வரி போட்ட ஊர்க்காரங்க நீங்க.

கரண்ட் போனா? பேட்டரி இல்லாம ஈபி லைனோட சேர்ந்து ஓடுற சாதா ஆன்கிரிட் சோலார் உச்சி வெயில்லயும் நின்னுடும். கம்பத்துல லைன்மேன் வேலை பார்க்கும்போது நம்ம வீட்டுக் கரண்ட் திரும்பப் போய் அடிச்சுடக் கூடாதுல்ல, அதுக்காகவே அப்படி வச்சிருக்காங்க. ஓடணும்னா பேட்டரி வச்ச ஹைபிரிட் வேணும், செலவு நல்லா ஏறும். அழகப்ப செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்து காரைக்குடிக்கு கொண்டு வந்த சிக்ரிங்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்துல பேட்டரி ஆராய்ச்சி நடக்குதுதான், ஆனா உங்க வீட்டுக்கு இப்ப இருக்கிற இன்வெர்ட்டரே ரெண்டு லைட்டு நாலு ஃபேனுக்குப் போதும்.

போன ஆறு தடவை பில்லும், மண்டபத்து மாடியை காலைல 9 மணிக்கும் சாயங்காலம் 3 மணிக்கும் எடுத்த போட்டோவும் அனுப்புங்க ஆச்சி. பக்கத்துல தென்னை நிழல் எங்க விழுதுன்னு பார்த்துட்டு எத்தனை கிலோவாட்னு சொல்றேன்.