ஆள்காட்டியும் ஒரு கூழாங்கல்லும்

கேள்வி: பறவைகளைப் பற்றிய நம்பிக்கைகளை வைத்துக் கவிதை எழுதுகிறேன். ஆந்தை என்றால் சாவு, காகம் கரைந்தால் விருந்தாளி என்று எல்லாமே பழகிய தடத்திலேயே போய் நிற்கிறது. எப்படி மாற்றுவது?

பதில்: நம்பிக்கையின் முடிவை எழுதுகிறீர்கள், பறவையை விட்டுவிடுகிறீர்கள். செம்மூக்கு ஆள்காட்டிப் பறவையை எடுத்துக்கொள்ளுங்கள். வானம் இடிந்து விழுந்தால் தாங்கிப் பிடிக்க, மல்லாந்து கால்களைத் தூக்கியபடி அது தூங்கும் என்பார்கள். தூங்காது. ஆனால் அதன் பின்விரல் மிகச் சிறியது, கிளையைப் பற்ற உதவாது; அதனால் அந்தப் பறவை தரையிலேயே வாழ்கிறது. வெட்டவெளியில் சின்னக் குழி, சுற்றிலும் கூழாங்கற்கள், பெரும்பாலும் 4 முட்டைகள், மண் நிறத்தில் கரும்புள்ளிகளோடு. கூரையே இல்லாத குடித்தனம்! வானத்தைப் பற்றிய அந்தக் கதை ஏன் இதன் தலையில் விழுந்தது என்பது இப்போது புரிகிறதல்லவா? கவிதைக்கு அந்தக் கூழாங்கல் போதும்.

நோட்டில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் நம்பிக்கை, ஒரே வரியில். வலப்பக்கம், 15 நிமிடம் பார்த்து 10 குறிப்புகள். வினைச்சொற்கள் மட்டும்: ஓடியது, நின்றது, குனிந்து கொத்தியது. 'சோகமாக', 'கம்பீரமாக' என்று வந்தால் அடித்துவிடுங்கள். அது உங்கள் மனநிலை. மறுநாள் வலப்பக்கத்தை மட்டும் வைத்து 8 வரி எழுதுங்கள். நம்பிக்கை தலைப்பில் இருந்தால் போதும், உள்ளே விளக்க ஆரம்பித்தால் கவிதை பாடப்புத்தகமாகிவிடும். இரண்டு நம்பிக்கைகளைச் சேர்த்தால் வெறும் பட்டியல்தான்.

ஒன்று, கூட்டருகே போகாதீர்கள். பறவை கத்திக்கொண்டு எழுந்துவிட்டால் முட்டைகள் வெயிலில் கிடக்கும். கத்தல் அடங்கும்வரை பின்வாங்கி, அங்கிருந்தே பாருங்கள்.